உப்பெடுத்த தண்ணீர்: ஆர்ஓவா, வடிநீரா, வெறும் வடிகட்டியே போதுமா?

உப்பு முழுவதையும், அதாவது கரைந்துள்ள கனிமங்களை எல்லாம், எடுத்துவிட்ட தண்ணீரைப் பற்றி இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. அது "செத்த தண்ணீர்", தொடர்ந்து குடித்தால் எலும்பிலுள்ள கால்சியத்தை உறிஞ்சிவிடும் என்பது ஒன்று. டிடிஎஸ் (லிட்டரில் கரைந்துள்ள மொத்த உப்பு, மி.கி. கணக்கில்) காட்டும் மீட்டரில் எண் இறங்க இறங்கத் தண்ணீர் சுத்தமாகிறது என்பது இன்னொன்று. முதல் பேச்சை நம்புகிறவர் ஆர்சனிக் கலந்த தண்ணீரையும் "இயற்கையானது" என்று குடிப்பார். இரண்டாவதை நம்புகிறவர் நல்ல தண்ணீரையும் ஆர்ஓ மெஷினில் (நுண்ணிய படலத்தின் வழியே அழுத்தித் தள்ளி உப்பைப் பிரிப்பது) விட்டு, ஒரு லிட்டருக்காக மூன்று லிட்டரைச் சாக்கடையில் கொட்டுவார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒழுங்காகச் சாப்பிடுகிற, உடல்நலமுள்ள பெரியவருக்கு உப்பு நீக்கிய தண்ணீர் விஷமல்ல. ஆனால் எடுத்தே தீரவேண்டிய எதுவும் தண்ணீரில் கரைந்திராதபோது அதன் உப்பை எடுப்பது வீண்வேலை. எடுத்தே ஆகவேண்டும் என்றால், எடுத்தபின் கொஞ்சம் கால்சியமும் மெக்னீசியமும் திரும்பச் சேர்ப்பது நல்லது. வீட்டில் நேர்கிற கேடு பெரும்பாலும் மாற்றாமல் விட்ட ஃபில்டரிலிருந்தும், கழுவாத தொட்டியிலிருந்தும், மெஷினுக்குள் யாரோ திருப்பிவிட்ட ஒரு சின்னத் திருகிலிருந்தும் வருகிறது. அந்தத் திருகுக்குப் பிறகு வருவோம்.

உடம்புக்குள் போனதும் என்ன ஆகிறது

ரத்தச் சிவப்பணுக்களைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டால் ஊதி வெடிக்கும். இது உண்மை, வெறும் வடிநீரை நரம்பில் ஏற்றக்கூடாது என்பதும் இதனால்தான். ஆனால் வாய்வழியாகக் குடித்த தண்ணீர் நேராக ரத்தத்தில் போய் விழுவதில்லை. இரைப்பையில் அமிலத்தோடும் உணவோடும் கலந்து, சிறுகுடலில் சுரக்கும் நீரோடு சேர்ந்து, அதன் பிறகே மெல்ல உள்ளே போகிறது.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ரத்தத்தின் ஊடுபரவல் அடர்த்தி, அதாவது அதில் கரைந்துள்ள துகள்களின் செறிவு, லிட்டருக்கு ஏறத்தாழ 285 மில்லிஆஸ்மோல். டிடிஎஸ் 500 உள்ள குழாய்த் தண்ணீரில் அது 10 முதல் 15 வரை. வடிநீரில் பூஜ்யம். ரத்தத்தின் பக்கம் நின்று பார்த்தால் குழாய்த் தண்ணீரும் ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் குடித்து யாருடைய அணுவும் வெடிக்கவில்லை என்றால், வடிநீரிலும் அது நடக்காது.

அமிலத்தன்மை பற்றிய பயமும் இப்படித்தான். காற்றுபடத் திறந்துவைத்த வடிநீர் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் அதன் பிஎச் 5.6 வாக்கில் நிற்கும். ஆர்ஓ தண்ணீரிலும் பிஎச் 6 சுற்றி வருவது சகஜம். ஆர்ஓவிலுள்ள மெம்பரேன் என்ற படலம் உப்பைத் தடுக்கும், கரைந்த வாயுவைத் தடுக்காது. ஆனால் அந்த அமிலத்தின் வலு மிகச் சொற்பம். அதைவிடப் பல மடங்கு புளிப்பான பழச்சாற்றை இரைப்பை சாதாரணமாகச் செரிக்கிறது. இரைப்பை அமிலத்தின் பிஎச்சே 2 சுற்றித்தான். இதைக் காட்டிப் பயமுறுத்தி "ஆல்கலைன்" குடுவை விற்பவர்களிடம் எங்களுக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

"எலும்பை உறிஞ்சும்" என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். ரத்தத்தின் கால்சியம் அளவைக் காப்பது சிறுநீரகமும் பாராதைராய்டு சுரப்பியும்; குடித்த தண்ணீர் அதைக் கரைத்து எடுத்துப்போவதில்லை. வேறொரு விதத்தில் இழப்பு உண்டு: தண்ணீர் மூலம் தினமும் வந்துகொண்டிருந்த பங்கு நின்றுவிடுகிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தோராயமாக 1000 மி.கி. கால்சியம் தேவை. லிட்டருக்கு 40 மி.கி. கால்சியம் உள்ள தண்ணீரில் 2 லிட்டர் குடித்தால் 80 மி.கி. கிடைக்கும். தேவையில் எட்டு சதவீதம். ஒரு தம்ளர் பால் தருவது இதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். மெக்னீசியத்தில் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. தேவை 310 முதல் 420 மி.கி.; லிட்டருக்கு 25 மி.கி. உள்ள தண்ணீர் 2 லிட்டர் குடித்தால் 50 மி.கி., அதாவது 12 முதல் 16 சதவீதம். பலருடைய சாப்பாட்டில் மெக்னீசியம் ஏற்கெனவே பற்றாக்குறை என்பதால் இந்தப் பங்கை அலட்சியப்படுத்த முடியாது.

தண்ணீரின் கடினத்தன்மைக்கும் (அதிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) இதயநோய் இறப்புக்கும் தொடர்பு தேடிய மக்கள்தொகை ஆய்வுகள் பல உண்டு. அவற்றில் மெக்னீசியத்துக்குச் சாதகமான சாய்வு தெரிகிறது. ஆனால் அவை நடப்பதைக் கவனித்துப் பதிந்த ஆய்வுகளே தவிர, காரணத்தை நிரூபித்தவை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2005இல் குடிநீரிலுள்ள ஊட்டச்சத்துகள் குறித்து ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதில் செக் நாட்டு ஆய்வாளர் ஃப்ரான்டிஷெக் கோசிஷெக் எழுதிய கட்டுரை, கால்சியம் லிட்டருக்குக் குறைந்தது 20 மி.கி., மெக்னீசியம் குறைந்தது 10 மி.கி. இருக்கட்டும் என்கிறது. அதற்கு முன் 1980இல் அந்த நிறுவனத்துக்காகத் தயாரான அறிக்கை ஒன்று, உப்பு நீக்கிய நீரில் மொத்த உப்பு 100, கால்சியம் 30, பைகார்பனேட் 30 மி.கி.யாவது வேண்டும் என்றது. ஆனால் நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு நெறிகளில் கனிமத்துக்கான கீழெல்லை என்று உடல்நலக் கணக்கில் எந்த எண்ணும் இல்லை. மேற்சொன்னவற்றைச் சட்டம்போல் மேற்கோள் காட்டுவது பொருந்தாது. நல்ல இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

அதிகம் பேசப்படாத இழப்பு சமையலில் இருக்கிறது. உப்பில்லாத தண்ணீரில் காய்கறியையும் தானியத்தையும் வேகவைத்தால் அவற்றிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் தண்ணீருக்குள் இறங்குகின்றன. மேலே சொன்ன கட்டுரை 60 சதவீதம் வரை இழப்பைக் குறிப்பிடுகிறது. கடின நீரில் வேகவைத்தால் இழப்பு வெகுவாகக் குறையும். வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டாமல் அந்த உணவிலேயே சேர்த்துவிட்டால் பிரச்சினை பாதி தீர்ந்தது.

உண்மையான உடனடி ஆபத்து ஒன்று உண்டு: வியர்த்துக் கொட்டும் வேலையிலோ நெடுந்தூர ஓட்டத்திலோ, உணவும் உப்பும் இல்லாமல் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பது. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பு. சிறுநீரகம் ஒரு மணிக்கு ஒரு லிட்டர் அளவில்தான் தண்ணீரை வெளியேற்ற முடியும். 1993இல் ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கம் வடிநீர் குடிப்பதை எதிர்த்து மக்களை எச்சரித்தது இத்தகைய பின்னணியில்தான். ஆனால் குழாய்த் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும். ஒரு லிட்டர் வியர்வையில் ஏறக்குறைய அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை சோடியம் போகிறது. எந்தக் குடிநீரும் அதை ஈடுகட்டாது. உணவும் உப்புக்கரைசலும்தான் ஈடுகட்டும். வயிற்றுப்போக்குக்கான ஓஆர்எஸ் பொட்டலத்தை ஆர்ஓ தண்ணீரில் கரைப்பதில் தவறில்லை. தேவையான உப்பு பொட்டலத்திலேயே இருக்கிறது, தண்ணீரின் அளவு மட்டும் சரியாக இருக்கவேண்டும்.

மெஷினுக்கு முன்னால் பரிசோதனை

டிடிஎஸ் மீட்டர் தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து, 0.5 முதல் 0.7 வரையுள்ள ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. அதற்கு நல்ல உப்பு, கெட்ட உப்பு தெரியாது. ஆர்சனிக்கின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 50 மைக்ரோகிராம் இருந்தாலும் மீட்டரின் கடைசி இலக்கம்கூட அசையாது. அது வெறும் 0.05 மி.கி. கிருமி, பூச்சிமருந்து, பெட்ரோலியப் பொருள் எதையும் அது பார்ப்பதில்லை. மீட்டர் 60 காட்டுகிற கிணற்றுத் தண்ணீரில் மலக்கிருமி இருக்கலாம். 550 காட்டுகிற தண்ணீர் முழுக்கக் கால்சியம் பைகார்பனேட்டாக, குடிக்க அருமையாக இருக்கலாம். டிடிஎஸ் 600க்குக் கீழே உள்ள தண்ணீர் சுவைக்கு நல்லது, 1000ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காது என்பதுதான் வழிகாட்டு நெறி தரும் அளவு. அதுவும் சுவைக்கானது.

ஆய்வகத்தில் கேட்கவேண்டியவை: பிஎச், டிடிஎஸ், மொத்தக் கடினத்தன்மை, குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட், ஃபுளோரைடு, இரும்பு, ஆர்சனிக், மலக்கிருமியான ஈ.கோலி. பழைய குழாய் இணைப்பு உள்ள வீடென்றால் ஈயமும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய புட்டியில்தான் பிடிக்கவேண்டும். குளிர்ச்சியாக வைத்து அன்றைக்கே கொண்டுசேர்க்கவேண்டும். ஈயத்துக்கு வேறு முறை: ஆறு மணிநேரமாவது குழாயைத் திறக்காமல் விட்டு, முதலில் வரும் ஒரு லிட்டரையே பிடிக்கவேண்டும். கொஞ்சநேரம் ஓடவிட்டுப் பிடித்தால் ஈயம் ஓடிப்போய்விடும், அறிக்கை சுத்தமாக வரும். நிலத்தடி நீரென்றால் கோடையின் முடிவில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை.

வரம்புகளை நினைவில் வைக்க: நைட்ரேட் 50 மி.கி., ஃபுளோரைடு 1.5 மி.கி., ஆர்சனிக் 10 மைக்ரோகிராம், ஈயம் 10 மைக்ரோகிராம். எல்லாம் லிட்டருக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஈ.கோலி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

உப்பைத் தொடாத வழிகள்

சோதனையில் கிருமி மட்டுமே குறை என்றால் உப்பை எடுக்கும் மெஷின் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். கொதிக்கவைப்பது போதும்: நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் மூன்று நிமிடம். ஆனால் கொதிக்கவைத்தால் நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக் போகாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டுவதால் சற்று அடர்த்தியாகும்.

யூவி (புற ஊதா) விளக்கு 254 நானோமீட்டர் ஒளியால் கிருமியின் மரபணுவைச் சிதைக்கிறது. தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் இது பலிக்கும். கலங்கலில் கிருமி மண்துகளின் நிழலில் ஒளிந்துகொள்ளும். விளக்கின் ஆயுள் சுமார் 9000 மணிநேரம். அதற்குப் பின்னும் நீலமாக எரியும், ஆனால் கொல்லும் வலு குறைந்திருக்கும். "எரிகிறதே" என்று விட்டுவிடுவதுதான் யூவியில் நடக்கும் முக்கியத் தவறு. விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் சுண்ணாம்பு படிந்தாலும் அதே விளைவு.

யூஎஃப் என்பது நுண்துளை நார்க்கட்டு. பாக்டீரியாவையும் கலங்கலையும் தடுக்கும், மின்சாரம் வேண்டாம், கழிவுநீர் இல்லை. வைரஸ் விஷயத்தில் தனியாக நம்பவேண்டாம். ஒரு நார் அறுந்தால்கூட வெளியே தெரியாது. கூடவே யூவி இருந்தால் நிம்மதி. குளோரின் வாடைக்கும் சிலவகைக் கரிமப் பொருளுக்கும் கார்பன் ஃபில்டர். ஃபுளோரைடு மட்டும் அதிகம் என்றால் ஆக்டிவேட்டட் அலுமினா படுகையும் ஒரு வழி, ஆனால் அதன் கொள்ளளவு தீர்ந்துவிட்டதா என்று அடிக்கடி சோதிக்கவேண்டும்.

கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னரை உப்பு நீக்கி என்று நினைப்பவர் பலர். அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது, டிடிஎஸ் குறையாது. கடினத்தன்மை 100 மி.கி. குறைந்தால் சோடியம் 46 மி.கி. கூடும். கடினத்தன்மை 300 உள்ள தண்ணீரில் இது லிட்டருக்கு 138 மி.கி. குளிக்கவும் துவைக்கவும் அருமை. குடிக்க, குறிப்பாக ரத்த அழுத்தக்காரர்களுக்கு, தனிக்குழாய் விடுவது நல்லது.

ஆர்ஓ

ஆர்சனிக், நைட்ரேட், ஃபுளோரைடு, உவர்ப்பு ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் வீட்டுக்கு ஏற்ற ஒரே வழி பெரும்பாலும் இதுதான். லோப், சௌரிராஜன் இருவரும் கலிபோர்னியாவில் 1960ஐ ஒட்டி உருவாக்கிய மெம்பரேனின் வழிவந்த மெல்லிய பாலிஅமைடு படலம்தான் இன்று ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் சுருட்டிவைக்கப்பட்டிருக்கிறது.

தண்ணீர் போகும் வரிசை: மண்துகளைத் தடுக்கும் செடிமென்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், பம்ப், மெம்பரேன், பிறகு யூவி அல்லது யூஎஃப், தொட்டி. கார்பன் ஃபில்டர் மெம்பரேனுக்கு முன்னால் இருப்பதற்குக் காரணம் உண்டு. பாலிஅமைடைக் குளோரின் அரிக்கும். கார்பன் தீர்ந்துபோய்க் குளோரின் கசிந்தால் சில மாதத்தில் மெம்பரேன் ஓட்டையாகிவிடும். அறிகுறி, தண்ணீர் வேகமாக வரும், டிடிஎஸ்ஸும் ஏறும். சுண்ணாம்பு படிந்தால் வேறு விதம்: தண்ணீர் மெதுவாக வரும், கழிவு அதிகமாகும். இந்த வித்தியாசம் தெரிந்தால் எந்தப் பாகத்தை மாற்றுவது என்று நீங்களே சொல்லிவிடலாம். குளிர்காலத்தில் வரத்து குறைவது கோளாறல்ல. தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் சுமார் 3 சதவீதம் வரத்து குறையும்.

மெம்பரேனின் நிலையைக் கணக்கிட, உள்ளே போகும் தண்ணீரின் டிடிஎஸ்ஸிலிருந்து வெளிவருவதைக் கழித்து, உள்ளே போனதால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 500 போய் 30 வந்தால் 94 சதவீதம். 85க்குக் கீழே இறங்கினால் மாற்றவேண்டும். நைட்ரேட்டோ ஆர்சனிக்கோ இருக்கிற தண்ணீரென்றால் 90லேயே மாற்றுங்கள். டிடிஎஸ் மீட்டர் உண்மையிலேயே உதவும் இடம் இதுதான். இரவு முழுக்க நின்ற மெஷினில் உப்பு மெம்பரேனைத் தாண்டி மெல்லப் பரவியிருக்கும். தொட்டியில்லாத மெஷினில் காலையில் வரும் முதல் தம்ளரைக் கொட்டிவிட்டு அளக்கவேண்டும், குடிக்கவும் வேண்டும்.

ஆர்ஓவால் எல்லாமே போகும் என்று நினைக்கவேண்டாம். ஆர்சனிக்கில் இரு வடிவம் உண்டு. மின்னூட்டமுள்ள ஐந்திணைவு வடிவத்தை மெம்பரேன் நன்றாகத் தடுக்கும். ஆக்சிஜன் இல்லாத ஆழக்கிணற்றில் அதிகம் காணப்படும் மூவிணைவு வடிவம் மின்னூட்டமற்றது. அதில் கணிசமான பங்கு நழுவிவிடும். அத்தகைய தண்ணீரை முதலில் குளோரின் சேர்த்து ஆக்சிஜனேற்றம் செய்து, கார்பனில் மிச்சக் குளோரினை நீக்கி, அதன் பிறகே மெம்பரேனுக்கு விடவேண்டும். போரானும் ஓரளவு தப்பிவிடும்.

கழிவு: சாதாரண வீட்டு மெஷினில் நாலு லிட்டர் போனால் ஒரு லிட்டர் வரும். கழிவைக் குறைக்கிறேன் என்று கழிவுக்குழாயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரை இறுக்கினால் மெம்பரேனில் உப்பு படியும். அதைத் தொடாமல், கழிவுநீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள்.

வடிநீர், அயனி நீக்கிய நீர்

வீட்டு டிஸ்டில்லரில் தண்ணீர் ஆவியாகி மறுபடி குளிர்வதால் உப்பு, உலோகம், கிருமி எல்லாம் கொதிகலத்திலேயே தங்கிவிடும். மூவிணைவு ஆர்சனிக்கும் இதில் தப்பாது. ஆனால் 25 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டரை ஆவியாக்க 0.7 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆவியின் வெப்பத்தைத் திரும்பப் பயன்படுத்தாத சாதாரண வீட்டு மாதிரியில் இதைக் குறைக்க முடியாது. நாளுக்கு 10 லிட்டரென்றால் 7 யூனிட். இன்னொரு குறை, தண்ணீருக்கு முன்பே ஆவியாகும் கரிமப் பொருள்கள் நீராவியோடு வந்துவிடும். அதனால் அவை வெளியேற ஓர் ஆவிப்போக்கித் துளையும் முடிவில் ஒரு கார்பன் துண்டும் உள்ள மாதிரியே வேண்டும். குளிர்விக்கும் சுருள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். தாமிரம், அலுமினியம் வேண்டாம், காரணம் கீழே. அடியில் படியும் வெள்ளைக் காரையைச் சிட்ரிக் அமிலத்தால் வாரம் ஒருமுறை கரைக்கவேண்டும்.

அயனி நீக்கிய நீர் என்பது ரெசின் மணிகள் வழியே வருவது. மின்கடத்தலை மட்டும் பார்த்தால் ஆர்ஓவைவிடச் சுத்தம். ஆனால் மின்னூட்டமில்லாத எதையும் ரெசின் பிடிக்காது: பாக்டீரியா, வைரஸ், பூச்சிமருந்து, கரைப்பான் எல்லாம் தாண்டிவரும். ஈரமான ரெசின் படுகையில் பாக்டீரியா பெருகவும் செய்யும். ஆகவே பேட்டரிக்கும் ஆய்வகத்துக்கும் விற்கும் தண்ணீரைக் குடிக்காதீர்கள். உப்பில்லை என்பது இங்கே காரணமல்ல. அதன் கேனும் ரெசினும் நிரப்பும் இடமும் குடிநீருக்கான தரத்தில் இருக்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. தெரியாமல் ஒரு தம்ளர் குடித்துவிட்டால் அந்த உப்பின்மையால் ஒன்றும் ஆகாது.

எங்கள் தேர்வைக் கேட்டால், தினசரிக் குடிநீருக்கு ஆர்ஓ. ஆர்ஓவால் சமாளிக்க முடியாத ஆர்சனிக் இருக்கும் சிறு குடும்பத்துக்கு டிஸ்டில்லர். தனி ரெசின் யாருக்கும் வேண்டாம்.

கனிமத்தைத் திரும்பச் சேர்ப்பது

இதற்கு மூன்று வழி. முதலாவது அந்தத் திருகு. டிடிஎஸ் கன்ட்ரோலர் என்ற பெயரில் மெஷினுக்குள் இருக்கும் வால்வு, மெம்பரேனுக்குப் போகாத தண்ணீரில் கொஞ்சத்தை ஆர்ஓ தண்ணீரோடு கலக்கிறது. கனிமம் சேர்க்கிறது என்று சொல்லப்பட்டாலும் உண்மையில் பழைய தண்ணீரைத்தான் சேர்க்கிறது. அது சரியா தவறா என்பது பழைய தண்ணீரைப் பொறுத்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூலத்தண்ணீர் 600, ஆர்ஓ தண்ணீர் 30, இலக்கு 120. சேர்க்கவேண்டிய மூலத்தண்ணீரின் பங்கு: 120இலிருந்து 30 போக 90, 600இலிருந்து 30 போக 570, 90ஐ 570ஆல் வகுத்தால் சுமார் 16 சதவீதம். மூலத்தில் நைட்ரேட் 80 மி.கி. என்றால் கலவையில் இதன்வழி 13 மி.கி. வரும், மெம்பரேன் தாண்டியது ஏழு, மொத்தம் 20. வரம்பு 50 என்பதால் பரவாயில்லை. ஃபுளோரைடு 3 மி.கி. என்றால் கலவையில் முக்கால் மி.கி.; அதுவும் சரி. ஆர்சனிக் 50 மைக்ரோகிராம் என்றால் திருகு வழியாக மட்டும் 8, மெம்பரேன் தாண்டியது இரண்டு. வரம்பான 10ஐத் தொட்டாயிற்று. மெம்பரேன் கொஞ்சம் பழசானாலே தாண்டிவிடும். ஆர்சனிக், ஈயம் உள்ள தண்ணீரில் இந்தத் திருகை முழுதாக மூடிவையுங்கள். உவர்ப்பு அல்லது கடினத்தன்மை மட்டுமே குறையாக உள்ள தண்ணீரில் தாராளமாகத் திறக்கலாம், கலக்கும் இடம் யூவிக்கு முன்னால் இருந்தால். பின்னால் இருந்தால் கிருமியும் சேர்ந்தே கலக்கும்.

இரண்டாவது, கால்சைட் கார்ட்ரிட்ஜ். சுண்ணாம்புக்கல் துகள், ஆர்ஓ தண்ணீரிலுள்ள கரியமில வாயுவால் தானே கரைகிறது; வாயு தீர்ந்ததும் கரைவது நிற்கும். அதனால் அளவு மீறாது. மெக்னீசியம் வேண்டுமென்றால் மெக்னீசியம் ஆக்சைடு கலந்ததாக வாங்கவேண்டும். அது தானே நிற்காது, இரவு முழுக்கத் தேங்கிய தண்ணீரில் பிஎச்சை மிக உயர்த்தி வழவழப்பும் கசப்பும் தரும். முதல் தம்ளரைக் கொட்டிவிடுங்கள். விரல் நீளக் குழாய்க்குள் தண்ணீர் தங்குவது சில நொடிகளே, ஏறும் கால்சியமும் அதற்கேற்பச் சொற்பம். பெரிய குடுவையாகப் பாருங்கள். முன்னும் பின்னும் டிடிஎஸ் அளந்து வித்தியாசம் காணாமற்போனால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்தது.

மூன்றாவது, அளந்து போடுவது. 20 லிட்டர் உப்பில்லாத தண்ணீருக்கு உணவுத் தரத்தில் உள்ள கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 2.2 கிராம், எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்ஃபேட்) 2 கிராம், சமையல் சோடா 0.8 கிராம். லிட்டருக்குக் கால்சியம் 30, மெக்னீசியம் 10, பைகார்பனேட் 30 மி.கி. சுற்றி வரும், சோடியம் 11 மட்டுமே கூடும். 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும், கரண்டிக்கணக்கு உதவாது. மூன்றையும் ஒரே சிறு கிண்ணத்தில் கரைத்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்து, கேனில் ஊற்றிக் கலக்கவேண்டும். கால்சியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும் பொருள். மூடி இறுகாத டப்பாவிலிருந்து எடுத்தால் நிறுத்த எடையில் ஒரு பங்கு தண்ணீராக இருக்கும். எப்சம் உப்பு கூடினால் பேதியாகும்.

சோம்பல் இல்லாதவர்களுக்கு மூன்றாவதுதான் சிறந்தது. மற்றவர்களுக்கு இரண்டாவது. கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலைகளும் சுண்ணாம்புக்கல் வழியே விட்டுத்தான் அனுப்புகின்றன. இஸ்ரேலில் கால்சியம் இப்படிச் சேர்க்கப்படுகிறது; மெக்னீசியம் சேர்க்காதது சரியா என்ற விவாதம் அங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது.

பாத்திரமும் தொட்டியும்

ஆலைகள் கனிமம் சேர்ப்பதற்கு முதற்காரணம் மனித எலும்பல்ல, குழாயின் உலோகம். பைகார்பனேட் இல்லாத தண்ணீர் பசியோடு இருக்கும், தொட்டதைக் கரைக்கும். அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரில் 2014இல் நீர்மூலத்தை மாற்றியபோது அரிப்புத் தடுப்பு மருந்து சேர்க்காததால் குழாய்களிலிருந்து ஈயம் இறங்கியது. அது உப்பு நீக்கிய தண்ணீர் அல்ல. ஆனாலும் தண்ணீரின் வேதியியல் மாறினால் குழாய் என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. உப்பு நீக்கிய தண்ணீரை அதனால் பித்தளைக் குழாய்முனை, ஈயப்பற்று வைத்த இணைப்பு, தாமிரக் குடம் எதிலும் நிறுத்தாதீர்கள். கண்ணாடி, 304 அல்லது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உணவுத்தர பிளாஸ்டிக் போதும்.

ஆர்ஓ தண்ணீரில் குளோரின் மிச்சம் இராது. தொட்டியில் ஒரு கிருமி விழுந்தால் தடுக்க ஆளில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெம்பரேனையும் கார்பனையும் கழற்றிவைத்துவிட்டு, மணமில்லாத 5 சதவீத ப்ளீச்சை லிட்டருக்கு ஒரு மில்லி வீதம் தொட்டியில் நிரப்பி, குழாய்முனை வரை ஓடவிட்டு அரைமணி நிறுத்தி, வாடை போகும்வரை அலசுங்கள். கழற்ற மறந்தால் மெம்பரேனுக்கு அதுவே கடைசி நாள். பிடித்துவைத்த தண்ணீரை ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள்.

யாருக்கு எது

குழந்தைக்குப் பால்பவுடர் கலக்க, நைட்ரேட் 50ஐத் தாண்டிய தண்ணீரை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக்கூடாது; கொதிக்கவைத்தாலும் சரியாகாது. இங்கே ஆர்ஓ தண்ணீர்தான் பாதுகாப்பு, பவுடரிலேயே கனிமம் இருப்பதால் குறையும் இல்லை. கிருமிக்காகக் கொதிக்கவைத்தே கலக்கவேண்டும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள், பொட்டாசியம் குளோரைடால் இயங்கும் சாஃப்ட்னர் தண்ணீரையும் பொட்டாசியம் சேர்க்கும் கார்ட்ரிட்ஜையும் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். உப்பு நீக்கிய தண்ணீரால் இவர்களுக்குத் தனிக்கேடு இல்லை. தண்ணீரின் மொத்த அளவுதான் மருத்துவர் சொல்லவேண்டியது.

பாலும் கீரையும் குறைவாகச் சாப்பிடும் வயதானவர்கள், நாளெல்லாம் வெயிலில் வேலை செய்பவர்கள், கடுமையாக உணவைக் குறைப்பவர்கள் கனிமம் சேர்க்காத ஆர்ஓ தண்ணீரை மட்டுமே ஆண்டுக்கணக்கில் குடிப்பதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். மற்றவர்கள் பதறவேண்டியதில்லை.

டிடிஎஸ் 500க்குக் கீழே, நைட்ரேட்டும் ஃபுளோரைடும் ஆர்சனிக்கும் ஈயமும் வரம்புக்குள் உள்ள தண்ணீர் வீட்டுக்கு வருகிறதென்றால் கார்பனும் யூஎஃப்பும் யூவியும் போதும். ஏற்கெனவே ஆர்ஓ மாட்டியிருந்தால் மெம்பரேன் அடுத்தமுறை தீரும்போது அதை மாற்றாமல், அந்தக் கூட்டுக்குள் யூஎஃப் பொருத்த முடியுமா என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். பல மாதிரிகளில் முடியும். கழிவுக்குழாயை மட்டும் அடைத்துவிடவேண்டும்.